ஃபைப்ராய்டு ஆபரேஷனில் ரத்த இழப்பைக் குறைக்கும் மருந்துகள்: எது, எப்போது, எதற்குப் பின் எது

சேலத்தில் பெண்கள் பிரிவு ஆபரேஷன் தியேட்டரில் பதினெட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தியேட்டருக்குப் புதிதாக வரும் நர்ஸுகளுக்கும் பயிற்சி டாக்டர்களான ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதை எழுதுகிறேன். மருந்தின் பெயரும் டோஸும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும், எதை எந்த நேரத்தில் கொடுப்பது, அதற்கு முன் என்ன முடிந்திருக்க வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். டோஸை முடிவு செய்வது சர்ஜனும் மயக்க மருந்து கொடுக்கும் அனஸ்தெட்டிஸ்டும்தான். இங்கே நான் சொல்லும் அளவுகள் நாங்கள் வழக்கமாகக் கையாள்பவை, உங்கள் இடத்து ஆர்டர் ஷீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் செல்லும்.

கர்ப்பப்பையை அப்படியே வைத்து, ஃபைப்ராய்டு என்னும் தசைக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமியை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். கர்ப்பப்பையையே எடுக்கும்போது அதற்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களைக் கட்டிவிடுவார்கள். மயோமெக்டமியில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்போது சுவரைக் கீறி, கட்டியைத் தோண்டி, குழியைத் தைக்க வேண்டும். அதனால் மருந்தின் உதவி இங்கேதான் அதிகம் வேண்டியிருக்கிறது.

1. ஸ்கேனை நீங்களும் படியுங்கள்

"ஃபைப்ராய்டு, மயோமெக்டமி" என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருக்கும். அதோடு விடாதீர்கள். கட்டி எத்தனை, பெரியது எத்தனை சென்டிமீட்டர், சுவருக்குள்ளே இருக்கிறதா, வெளிப்பக்கம் காம்போடு தொங்குகிறதா, உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். காம்போடு தொங்கும் கட்டியில் ரத்தம் அவ்வளவாகப் போகாது. சுவருக்குள் ஆழமாக, பெரிதாக, பலவாக இருந்தால்தான் அதிகம் போகும், எத்தனை பை ரத்தம் ரிசர்வ் செய்வது, எந்தெந்த மருந்தை எடுத்து வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

2. ஆறு வாரம் முன்பே: ஹீமோகுளோபின்

ரத்த இழப்பைக் குறைக்கும் மருந்து என்றால் எல்லோருக்கும் தியேட்டரில் போடும் ஊசிதான் நினைவுக்கு வருகிறது. என் அனுபவத்தில் அதிக உயிர்களைக் காப்பது இரும்புச்சத்துதான். ஹீமோகுளோபின் 12 உள்ள பெண்ணுக்கு 600 மி.லி. ரத்தம் போனால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். அதே 600 மி.லி. ஹீமோகுளோபின் 7 உள்ளவருக்குப் போனால் நிலைமையே வேறு.

நம் பக்கத்துப் பெண்கள் பெரும்பாடு, அதாவது தீட்டில் அளவுக்கு மீறிய போக்கு, வந்தால் சொல்வதே இல்லை. அம்மாப்பேட்டையில் தறியில் உட்காருபவரும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பவரும், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குப் போகிறவரும் "எல்லாருக்கும் இப்படித்தான படும்" என்று வருடக்கணக்கில் இருந்துவிட்டு, நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்தறீங்கம்மா, கட்டி கட்டியா விழுதா" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

முதலில் அது இரும்புக் குறைவுதானா என்று உறுதி செய்ய வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் சந்தேகமே இல்லை. சிவப்பணு சிறியதாக இருந்தும் இரும்பு சரியாக இருந்தால் பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறு இருக்கலாம், அவர்களுக்கு இரும்பு ஏற்றிப் பயனில்லை.

நாள் இருந்து, குறைவும் லேசாக இருந்தால் மாத்திரை போதும். ஆனால் மாத்திரை விழுங்கிய கையோடு காபி குடித்தால் பாதிச் சத்து உள்ளே போகாமலே போய்விடும். காபி விளையும் மலையிலிருந்து வருகிறவரிடம் காபியை விடச் சொல்ல நான் துணிவதில்லை. "மாத்திரைக்கு முன்னால ஒரு மணி நேரம், பின்னால ரெண்டு மணி நேரம் காபி டீ வேண்டாம்" என்று கணக்காகச் சொன்னால் கேட்கிறார்கள். கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, அது வேறு நேரத்துக்கு.

ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தாலோ நாள் போதாவிட்டாலோ நரம்பு வழி இரும்புதான். எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: உடல் எடை × குறையும் ஹீமோகுளோபின் × 2.4, அதோடு சேமிப்புக்காக 500. 50 கிலோ எடை, ஹீமோகுளோபின் 8, எட்ட வேண்டியது 13 என்றால் 50 × 5 × 2.4 = 600, கூட 500, ஆக 1,100 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மி.கி. தான், அதாவது ஆறு தடவை வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஒரே தடவையில் 1,000 மி.கி. வரை போடலாம் என்பதால் இரண்டு தடவையில் முடியும். நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ கூலியை விட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் பெண்ணை ஆறு தடவை கூப்பிட்டால் மூன்றாம் தடவையோடு நின்றுவிடுவார். மருந்து விலை கூடினாலும் அவருக்கு இரண்டாவதுதான் சரி என்று டாக்டரிடம் நானே எடுத்துச் சொல்வேன்.

சலைனில் மட்டும் கலக்க வேண்டும். ஊசி நரம்பில்தான் இருக்கிறது என்று உறுதி செய்தபின் திறந்துவிடுங்கள், வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

வழக்கமான தவறு: இரும்பு ஏற்றி நாலே நாளில் ரத்தம் பரிசோதித்துவிட்டு "ஏறவே இல்லையே" என்று ஏமாறுவது. எலும்பு மஜ்ஜை வேலையைத் தொடங்கவே ஒரு வாரம் ஆகும். மூன்று நான்கு வாரத்தில் 2 கிராம் வரை ஏறும். அதனால்தான் ஆறு வாரம் என்று சொல்கிறேன்.

3. அதுவரை மாதாமாதம் போவதை அடக்குவது

ஒரு பக்கம் இரும்பு ஏற்றிக்கொண்டே மறுபக்கம் போகவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். தீட்டு நாட்களில், உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு, தினம் மூன்று வேளை, போக்கு அதிகமாக இருக்கும் நான்கைந்து நாள் மட்டும். பலர் ஒரே மாத்திரையைப் போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்கிறார்கள், இன்னும் சிலர் மாதம் முழுக்கப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு.

கடையில் இதே மருந்து மெஃபனமிக் அமிலத்தோடு சேர்ந்த மாத்திரையாகவும் கிடைக்கும். வலிக்கு நல்லதுதான், ஆனால் மெஃபனமிக், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் வேலையைக் குறைக்கும். ஆபரேஷன் நெருங்கும்போது அட்டையை வாங்கிப் பாருங்கள், சேர்ந்த மாத்திரையாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

4. கட்டியைச் சுருக்கும் ஊசி, எல்லோருக்கும் அல்ல

லூப்ரோலைட் 3.75 மி.கி. மாதம் ஒரு ஊசி, வழக்கமாக மூன்று மாதம். மாதவிலக்கு நிற்கும், கட்டி சுருங்கும், ஹீமோகுளோபின் ஏற அவகாசமும் கிடைக்கும். தொப்புள் வரை வளர்ந்த கட்டிக்கும், ரத்தமே நிற்காத பெண்ணுக்கும் இது உதவும்.

ஆனால் முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் கூடித்தான் பிறகு இறங்கும், அப்போது போக்கு அதிகமாகலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வரவே மாட்டார். உடம்பு திடீரென்று சூடாகி வியர்ப்பதையும் சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். சர்ஜன்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு: ஊசிக்குப் பிறகு கட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் பிரிவு மங்கிப்போய்த் தோண்டுவது கடினமாகிவிடும், சின்னக் கட்டிகள் கைக்குத் தட்டுப்படாமல் தங்கிப் பின்னால் வளரும். ஊசியை நிறுத்திச் சில மாதத்தில் கட்டி பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்பதால், கடைசி ஊசியின் பலன் இருக்கும்போதே ஆபரேஷன் தேதி வாங்க வேண்டும். "விசேஷம் முடிஞ்சு வர்றோம்" என்று தள்ளிப்போட்டு, போட்ட மூன்று ஊசியும் வீணானதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

5. எந்த மருந்துக்கும் முன் கேட்க வேண்டியவை

அட்மிஷன் அன்றே கேட்டுக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு மருந்து இருக்கிறது.

காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் உறைந்ததா, வலிப்பு வந்திருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு உண்டா? இவை டிரானெக்ஸாமிக்குக்காக. அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

நெஞ்சுவலி, இதயக் கோளாறு, கட்டுப்படாத பி.பி. இருக்கிறதா? இது ரத்தக்குழாய்களைச் சுருக்கும் வாசோபிரசினுக்காக. ஆமாம் என்றால் அதை எடுத்தே வைக்க வேண்டாம், சர்ஜன் வேறு வழி பார்ப்பார்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா? இது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டாலுக்காக. வயதையும் கல்யாணத்தையும் வைத்து நாமாக முடிவு செய்யாமல் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

வேறு என்ன மாத்திரை போடுகிறார்? ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்று ரத்தம் உறையாமல் தடுப்பவற்றைச் சில நாள் முன்பே நிறுத்துவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை போடுகிறவர் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், டிரானெக்ஸாமிக்கோடு சேரும்போது ரத்தம் உறையும் ஆபத்து கூடும். நாட்டு மருந்து, சூரணம், பூண்டு மாத்திரை இவற்றை மருந்தாகவே நினைக்காததால் யாரும் சொல்வதில்லை, தனியாகக் கேட்க வேண்டும்.

6. முந்தின நாள்

ரத்தப் பை குறுக்குப் பொருத்தம் முடிந்து ரிசர்வ் ஆகியிருக்கிறதா என்று ரத்த வங்கிக்கே போன் செய்து கேளுங்கள். சீட்டு கொடுத்துவிட்டோம் என்பது போதாது, சாம்பிள் போய்ச் சேராமல் வார்டு மேஜையிலேயே இருந்த நாளும் உண்டு. வாசோபிரசின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கிறதா என்றும், பெயரை எழுத்துக் கூட்டியும் பாருங்கள். டெஸ்மோபிரசின், டெர்லிபிரசின் என்று காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் வேறு மருந்துகள் பக்கத்திலேயே இருக்கும்.

7. அழைப்பு வந்ததும் மிசோப்ரோஸ்டால்

400 மைக்ரோகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை இரண்டு, பிறப்புறுப்பு வழியாக, கீறலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன். கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைத்து ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

புதியவர்கள் கடிகாரத்தைப் பார்த்து ஏழு மணிக்கு வைத்துவிடுவார்கள், லிஸ்ட்டில் மூன்றாவது கேஸ் உள்ளே போகும்போது பன்னிரண்டாகிவிடும், மருந்து வேலை செய்து ஓய்ந்தே போயிருக்கும். முந்தின கேஸ் தையலுக்கு வந்துவிட்டது என்று தியேட்டரிலிருந்து சொன்ன பிறகு வையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, வைத்தபின் அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டும், எழுந்து நடந்தால் மாத்திரை விழுந்துவிடும்.

வைக்கும் முன் வெப்பநிலையைக் குறித்தே ஆக வேண்டும். இந்த மருந்து நடுக்கத்தையும் காய்ச்சலையும் கொண்டுவரும். ஆரம்ப நாட்களில் நான் குறிக்காமல் விட்டுவிட்டேன், 38.5 டிகிரி காய்ச்சலைப் பார்த்துத் தொற்றாக இருக்கும் என்று கேஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தப் பெண் பட்டினியோடு அழுதுகொண்டே வார்டுக்குத் திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

8. கீறலுக்கு முன் டிரானெக்ஸாமிக்

உடம்பு கட்டிய ரத்தக்கட்டியை உடம்பே கரைக்காமல் தடுப்பதுதான் இதன் வேலை, கரைந்தபின் கொடுப்பதைவிடக் கரையுமுன் கொடுப்பது நல்லது. 1 கிராம், 100 மி.லி. சலைனில், பத்து நிமிடம் மெதுவாக, கீறல் போடும் முன் முடிந்திருக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் பி.பி. இறங்கும், ஸ்பைனல், அதாவது முதுகில் மரப்பு ஊசி, கொடுத்த உடனே அது ஏற்கனவே இறங்கும் நேரம் என்பதால் இரண்டும் சேர்ந்துவிடும்.

இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். டிரானெக்ஸாமிக் ஆம்பூலும் முதுகில் போடும் புபிவகெயின் ஆம்பூலும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மாறி முதுகுத்தண்டில் போனால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வந்து உயிரே போகலாம், உலக சுகாதார நிறுவனமே இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது. அதனால் ஸ்பைனல் ட்ரேயில், அனஸ்தீசியா டிராலியில் டிரானெக்ஸாமிக் இருக்கவே கூடாது. வேறு அலமாரியில் வையுங்கள், ஸ்பைனல் முடிந்து நோயாளியைப் படுக்க வைத்தபின் எடுத்து, பெயரை வாய்விட்டுப் படித்து, சலைன் பாட்டிலில் கலந்து லேபிள் ஒட்டுங்கள்.

9. கட்டியின் மேல் வாசோபிரசின்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் நன்றாக வேலை செய்யும் மருந்தும் இதுதான், ஆளைக் கவிழ்க்கும் மருந்தும் இதுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில் மிசோப்ரோஸ்டால் சராசரியாக 98 மி.லி., வாசோபிரசின் 246 மி.லி. ரத்த இழப்பைக் குறைத்திருந்தது.

கீறப்போகும் இடத்தில் ஊசியால் ஏற்றியதும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சிவந்திருந்த கர்ப்பப்பை வெளுத்துப்போகும். அந்த வெளுப்பைப் பார்த்தபின்தான் சர்ஜன் கத்தி வைப்பார்.

கலப்பது நம் வேலை. எங்கள் இடத்தில் 20 யூனிட்டை 200 மி.லி. சலைனில் கலக்கிறோம், அதாவது 1 மி.லி.க்கு 0.1 யூனிட். 40 மி.லி. உள்ளே போனால் 4 யூனிட். ஆம்பூலில் எத்தனை யூனிட் என்று ஒவ்வொரு தடவையும் படியுங்கள், போன மாதம் வந்த சரக்கும் இந்த மாதச் சரக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். நீர்த்துக் கலந்தால் அதிக இடத்துக்குப் பரவும், தவறி ரத்தக்குழாயில் போனாலும் போகும் அளவு குறைவு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் அதே 20 யூனிட்டை 20 மி.லி.யில் கலந்து கொடுத்துவிட்டார்கள், கலந்தவரும் சொல்லவில்லை, போட்டவரும் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் துடிப்பு 38-க்கு வந்தது. அந்தப் பெண் பிழைத்தார். அதற்குப் பிறகு நான் நிற்கும் தியேட்டரில் மூன்று பேர் வாய்விட்டுச் சொல்லாமல் இந்த மருந்து உள்ளே போனதில்லை.

நான் "20 யூனிட், 200 மி.லி." என்று சொல்லி லேபிளைக் காட்டுவேன். சர்ஜன் "வாசோபிரசின் போடறேன்" என்பார், ஒவ்வொரு தடவையும் ஊசியைக் குத்தி, பின்னால் இழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்தபின்தான் ஏற்றுவார். அனஸ்தெட்டிஸ்ட் "சரி, பார்க்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சிரிஞ்சைக் கையில் கொடுக்காதீர்கள். எத்தனை மி.லி. போனது, எத்தனை மணிக்கு என்று போர்டில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். சில சமயம் கைகால் குழாய்கள் அப்படியே இறுகிப்போய், மணிக்கட்டில் துடிப்பு கிடைக்காது, மெஷினும் பி.பி. காட்டாது, ஆனால் உள்ளே அழுத்தம் நன்றாகவே இருக்கும். பதறிப்போய் அட்ரினலின் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் அனஸ்தெட்டிஸ்ட் முதலில் கழுத்துத் துடிப்பையும் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்ஸைடு அளவையும் பார்ப்பார், அவர் கேட்காமல் நீங்களாக ஆம்பூலை உடைக்காதீர்கள்.

இதய நோயால் இந்த மருந்து ஆகாதவருக்குக் கர்ப்பப்பைக் கழுத்தைச் சுற்றி ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டுவதும் உண்டு. அது மருந்தல்ல, ஆனால் அப்படிக் கட்டுவதற்கு ஒரு ஃபோலி கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் ரப்பர் குழாய்) கூடுதலாக டிராலியில் இருக்கட்டும்.

10. ஆக்ஸிடோசினை நம்பி இருக்க வேண்டாம்

பிரசவ அறையிலிருந்து வருபவர்கள் ரத்தம் கண்டதும், பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருக்கப் போடும் ஆக்ஸிடோசினைத் தேடுவார்கள். பிரசவித்த கர்ப்பப்பையில் அந்த மருந்தை ஏற்கும் இடங்கள் நிறைய உண்டு, கர்ப்பமில்லாத கர்ப்பப்பையில் மிகக் குறைவு. சர்ஜன் கேட்டால் கொடுங்கள், சொட்டாகத்தான், மொத்தமாகத் தள்ளினால் பி.பி. விழும்.

11. மூடும் முன் கணக்கும் காத்திருப்பும்

ரத்தம் எவ்வளவு போனது என்று கண்ணால் சொல்பவர் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார். ரத்தம் ஒற்றும் துணியான மாப்பைக் காய்ந்தபோது எடை போட்டு வைத்துக்கொண்டு, நனைந்தபின் மறுபடி போடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் 1 மி.லி. ரத்தம் என்று கணக்கு. சக்ஷன் பாட்டிலில் உள்ளதிலிருந்து, கழுவ ஊற்றிய சலைனைக் கழிக்க வேண்டும். ஊற்றியதை எழுதி வைக்காவிட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

வாசோபிரசின் பலன் அரை மணி, முக்கால் மணியில் இறங்கும். வெளுத்திருந்த இடம் மறுபடி சிவக்கும்போது, அதுவரை அடைபட்டிருந்த சின்னக் குழாய்கள் திறந்து கசியும். வயிற்றை அவசரமாக மூடிவிட்டால் அந்தக் கசிவு உள்ளேயே சேரும். அதனால் கடைசியாக ஏற்றிய நேரத்தை நான் சத்தமாகச் சொல்வேன், பி.பி. சாதாரண நிலைக்கு வந்தபின் தையலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சர்ஜன் மூடுவார்.

12. வார்டுக்குப் போன பிறகு

முதல் ஆறு மணி நேரம்தான் முக்கியம். பி.பி.யை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உள்ளே ரத்தம் சேர்ந்தால் முதலில் ஏறுவது துடிப்பு, பி.பி. கடைசியில்தான் விழும். சிறுநீர் மணிக்கு 25, 30 மி.லி.க்குக் கீழே போனாலும், வயிறு இறுகினாலும், "என்னமோ ஒரு மாதிரியா இருக்குது கண்ணு" என்று அவர் சொன்னாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை மெஷின் காட்டும் எண்ணைவிட நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

டிரானெக்ஸாமிக் போட்டிருக்கிறோம், படுத்தும் கிடக்கிறார், அதனால் காலில் ரத்தம் உறையாமல் பார்க்க வேண்டும். உணர்வு வந்ததும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், டாக்டர் அனுமதித்ததும் எழுப்பி நடக்க வையுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்த்துவிடக் கூடாது, கூட இருக்கும் அம்மாவோ மாமியாரோ தைலத்தோடு தயாராக இருப்பார், அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மறுநாள் ஹீமோகுளோபின் பார்த்து எழுதுங்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இரும்பு மாத்திரை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே என்று பலருக்கும் அது விட்டுப்போகிறது. மூன்று மாதம் எழுதியிருந்தால், எந்த நேரத்தில் போடுவது, காபி எப்போது குடிப்பது என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து, பிறகு பஸ் ஏற்றி அனுப்புங்கள்.